உருளாத வலி

வீரபாகுவின் கல்லைப் பார்க்காதவர்கள் அந்த நெசவுத் தெருவில் குறைவு. சில வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாகி, அதுவாகவே வெளியே வந்து விழுந்தது. மிளகில் பாதிகூட இருக்காது. அதைக் கழுவித் துடைத்து, குங்குமச் சிமிழில் பஞ்சு போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தால் போதும், சிமிழைத் திறந்துகொண்டு கதை சொல்ல உட்கார்ந்துவிடுவார்.

"இத்தினிக்கோண்டு கல்லுப்பா. என்னைத் தரையில போட்டுப் புரட்டி எடுத்துடுச்சி. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் உருண்டுக்கினு இருந்தேன். நம்பலன்னா மங்கையைக் கேளு."

மங்கையர்க்கரசி அவர் மனைவி. கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவாள். பொய்யில்லை, அவள் கண்ணால் பார்த்ததுதான். அன்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாணிக்கவேல் தறியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார். வலி வரும், உயிரை வாங்கும், கொஞ்சம் விடும், மறுபடி வரும். விலாவின் பின்பக்கம் ஆரம்பித்து அடிவயிறு வழியாகத் தொடையிடுக்கு வரை இறங்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது, நிற்கவும் முடியாது. வாந்தி எடுத்தார். சிறுநீர் சிவந்து போனது. ஜுரம் மட்டும் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. வராத ஒன்றை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒரு சட்டம் ஏற்பட்டுப் போனது. உருண்டால் பெரிய கல். உருளாவிட்டால் சின்னக் கல், வாழைத்தண்டுச் சாற்றில் கரைந்துவிடும். இடுப்பு வலிக்கு மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மங்கையர்க்கரசிக்கு வந்தது அந்த மூன்றாவது. கல்லே இல்லை. சிறுநீர்ப் பாதையில் புகுந்த கிருமி மெல்ல மெல்ல மேலே ஏறி வலது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அது ரத்தத்தில் கலப்பதற்குள் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவள் வாயைத் திறக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அவள் தாமல் ஏரிக்கரைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்த வாரமே தறிக்குழியில் வீரபாகுவின் பக்கத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் கோர்வைப் புடவைதான் நெய்வார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஒரு நாடா ஓடும், இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. உடலின் இழையையும் கரையின் இழையையும் ஒவ்வொரு வரியிலும் கோத்துவிட வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒரு பக்கத்துக் கரையைக் கவனிக்க இன்னொரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும். அவர் எறிய, இவள் கோக்க, அவர் அடிக்க, இப்படியே போகும். ஒருவர் எழுந்தால் இருவருக்கும் வேலை நின்றது.

புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருநாள் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தாள். வீரபாகு திட்டவில்லை. நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். புதுப்பெண்ணுக்கு அது போதும்.

அதன் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. காலையில் ஒரு வாய் காபி, அப்புறம் தறி நிற்கும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். போகப் போக அடக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு உடம்பு கேட்பதையே நிறுத்திவிட்டது. மகள் சங்கீதா பிறந்தபோதுகூட சத்தமில்லாமல் படுத்திருந்தாள். இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்த நர்ஸ், குழந்தையின் தலை தெரிவதைப் பார்த்து அலறினாள். 'அழுத்தக்காரிம்மா, குழியில எறங்குனா ஏறமாட்டா' என்று தெருவில் அவளுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

மாசிக் கடைசியில் நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. போனால் நாலு சொட்டு, அதுவும் மிளகாய் அரைத்த கையை வைத்ததுபோல் எரியும். வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும்போல் இருக்கும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த உடம்பு இப்போது நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டதில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சிறுநீர் கலங்கலாக, ஒரு மாதிரி நாற்றத்தோடு போயிற்று. இரண்டு குடம் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டு வந்தாள். இதை யாரிடம் சொல்வது? புருஷனிடம் சொல்கிற விஷயமா? சூடு என்று முடிவு செய்துகொண்டாள். தொப்புளில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டாள், வெந்தயம் விழுங்கினாள். கூடவே ஒரு காரியம் செய்தாள். கொஞ்சமாகக் குடித்தால் கொஞ்சமாகத்தானே போக வேண்டியிருக்கும் என்று, குடித்துக்கொண்டிருந்த தண்ணீரையும் பாதியாகக் குறைத்தாள். கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை.

பங்குனி பிறந்ததும் வலது விலாவின் பின்பக்கம் வலி வந்து உட்கார்ந்தது. வீரபாகுவுக்கு வந்ததுபோல் வந்து வந்து போகிற வலி இல்லை. ஒரே மாதிரி, விடாமல், மந்தமாக, அரிசி மூட்டையை முதுகில் கட்டிவிட்டதுபோல் இருந்தது. அசைந்தால் அதிகமாயிற்று. அதனால் அசையாமல் உட்கார்ந்தாள். தறியில் உட்காருவதற்கு அது தோதாகவும் இருந்தது. ஆனால் கரை கோக்கிற கை பிந்தியது. அதை வீரபாகு உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா ஆச்சி உனக்கு?"

"இடுப்பாண்ட வலிக்குதுங்க."

"எங்க? கையை வெச்சிக் காட்டு."

காட்டினாள். அவர் முகத்தில் ஒரு களை வந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த கேள்வி பரீட்சையில் வந்துவிட்ட சந்தோஷம், வேறொன்றுமில்லை.

"கல்லுதான். எனக்கு வந்த அதே எடம். ஆனா சின்னக் கல்லு. பெருசா இருந்தா இந்நேரம் நீ உருண்டுக்கினு இருப்ப."

அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய் வாழைத்தண்டு வாங்கிவந்து அவரே நறுக்கி, அவரே அரைத்து, வடிகட்டிக் கொடுத்தார். அவர் அவளுக்காக அம்மி, மிக்ஸி பக்கம் போனது அதுதான் முதல் தடவை. தனக்கு அப்போது எழுதிக்கொடுத்த வலி மாத்திரையின் காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டி அதையும் வாங்கிவந்தார். அந்த மாத்திரை வலியைக் குறைக்கும். கூடவே ஜுரத்தையும் அமுக்கிவிடும். அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மாத்திரையின் வேகம் தீருகிற நேரத்தில் அவளுக்குக் குளிர் வரும். வெளியே பங்குனி வெயில் பிளந்துகொண்டிருக்க, இவள் உள் அறையில் போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடப்பாள். அடுத்த மாத்திரையைப் போட்டால் வேர்த்து விட்டுவிடும். எழுந்து குழிக்குப் போவாள். குளிர் வந்ததை அவள் சொல்லவில்லை. பங்குனி உத்திரத்துக்குள் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும், ஒரு கல்யாண வீட்டுப் புடவை. குளிர் மாத்திரையால் வருகிறது என்று நினைத்தாள். பயமாக இருந்ததா என்றால், இல்லை. பயமும் ஒரு கூப்பிடுதல்தானே, அதையும் அவள் கேட்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

புடவையை அறுத்துக் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது. மறுநாள் உத்திரம், தறிக்கு விடுமுறை. மருந்துக்கடைக்குப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வீரபாகு சாமி பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

தென்னேரியில் கட்டிக் கொடுத்திருந்த சங்கீதா திருக்கல்யாணம் பார்க்க வந்திருந்தாள். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வாங்கிவந்த பூவை அவள் தலையில் வைக்கக் குனிந்தாள். பிடரியில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னாம்மா இது, உடம்பு கொதிக்குது!"

"அந்தக் கரை நாடாவை எடு" என்றாள் மங்கையர்க்கரசி.

தறியில் பாவு நூலே இல்லை. சங்கீதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வா என்று கத்தினாள்.

வீரபாகு விபூதி கலையாத நெற்றியோடு வந்து நின்றார். "பயப்படாதம்மா. கல்லு நகருது. நகரும்போது அப்படித்தான் படுத்தும். எனக்குத் தெரியாதா?"

"நைனா, உனக்குக் கல்லு வந்தப்போ ஜுரம் வந்துச்சா?"

அவர் யோசித்தார். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஜுரமா? இல்லியே."

"குளிர்ல ஒதறிச்சா?"

"இல்ல."

"அப்போ இது உன் கல்லு இல்ல. ஆட்டோ கூப்பிடு."

கோயில் பக்கத்துத் தெருவையெல்லாம் திருவிழாவுக்காக அடைத்திருந்தார்கள். ஆட்டோ எந்தெந்தச் சந்திலோ புகுந்து சுற்றிக்கொண்டு போயிற்று. நாயனச் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. மங்கையர்க்கரசி மகள் மடியில் தலை வைத்து, மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் லேசாக முனகினாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் வீரபாகுவே பதில் சொன்னார். எங்கே வலி, கல் வலி. எத்தனை நாளாக, கொஞ்ச நாளாக. ஜுரம் உண்டா, இன்றைக்குத்தான் கொஞ்சம் சூடு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவங்க சொல்லட்டும்." பிறகு மங்கையர்க்கரசியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, வலி வந்து வந்து போவுதா, ஒரே மாதிரி இருக்குதா?"

"ஒரே மாதிரி."

"துடிச்சிக்கினு உருளணும்போல இருக்குதா, ஆடாம அசையாம கெடக்கணும்போல இருக்குதா?"

"அசையாம."

"ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

மங்கையர்க்கரசி கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை ஒரு ஆண்பிள்ளை முன்னால் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"சொல்லும்மா" என்றாள் சங்கீதா.

"எரியுது. மாசியிலேர்ந்து எரியுது" என்றாள். ஒருமுறை திறந்த வாய் மூடவில்லை. "குளிர் வரும். மாத்திரை போட்டா வேர்த்து விட்டுடும். மறுபடி வரும். நாள் தவறாம வருது."

"இன்னா மாத்திரை?"

வீரபாகு சட்டைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி ஒருமுறை பார்த்தாள். விலாவின் பின்பக்கம் லேசாகத் தட்டினாள். தெருவே புகழ்ந்த அழுத்தக்காரி அந்தச் சின்னத் தட்டுக்கு வீல் என்று கத்திவிட்டாள்.

சிறுநீரில் சீழ். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. ஊசி, குழாய், ஸ்கேன் என்று எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. ஸ்கேன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது வீரபாகு எழுந்து ஓடினார்.

"கல்லு எவ்ளோ பெருசு டாக்டர்?"

"கல்லே இல்லைங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. இல்லை என்றால் நல்லதுதானே என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அந்த மனிதருக்குக் கையிலிருந்த ஒரே பிடி போய்விட்டது.

"கல்லு வலின்னா வந்து வந்து போவும், ஆளை உருட்டும். சாதாரணமா ஜுரம் இருக்காது" என்றாள் டாக்டர். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "இது கிருமி. முதல்ல ஒண்ணுக்குப் போற எடத்துல எரிச்சல், அடிக்கடி போவணும்போல இருக்கும். அப்பவே வந்திருந்தா நாலஞ்சு நாள் மாத்திரையில போயிருக்கும். கிட்னிக்கு ஏறிடுச்சின்னாதான் குளிர், ஜுரம், முதுகு வலி. சில பேருக்குக் கல்லும் அடைச்சிக்கினு கிருமியும் இருக்கும், அது இன்னும் மோசம். அதனால இடுப்பு வலியோட குளிர் ஜுரம் வந்தா கல்லா இன்னான்னு வீட்ல உட்கார்ந்து பார்க்கக் கூடாது. இப்போ ரத்தத்துல கலந்திருக்குது. இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும். அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்."

சங்கீதா சுவரில் சாய்ந்து அழுதாள். வீரபாகு அழவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தீவிர சிகிச்சை அறையில் மங்கையர்க்கரசிக்குப் பகலும் இரவும் ஒன்றாக இருந்தது. யாரோ வருகிறார்கள், கையைத் திருப்புகிறார்கள், ஊசி போடுகிறார்கள். அந்தக் கை அவளுடையது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் பிழைக்காமல் போகலாம் என்று நர்சுகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அடுத்த தெருவில் யாரையோ பற்றிச் சொல்வதுபோல் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரே ஒரு விஷயம்தான் விநோதமாக இருந்தது. குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். அவளைக் கேட்காமல், அவள் எழுந்திருக்காமல், சிறுநீர் பாட்டுக்குக் கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

தாண்டிவிட்டாள். வலது சிறுநீரகம் கொஞ்சம் பழுதுதான், ஆனால் வேலை செய்யும் என்றார்கள். கிளம்பும்போது டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பலேர்ந்தும்மா இப்படி அடக்கி வெக்கிறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

டாக்டர் பிடித்த கையை விடவில்லை. "இனிமே கூடாது. தண்ணி நல்லா குடிங்க. வந்தா உடனே எழுந்து போங்க. எந்த வேலையா இருந்தாலும் சரி. தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்று தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்கு எப்போதும் சுலபம்.

வீட்டுக்கு வந்ததும் தெரு ஜனம் பார்க்க வந்தது. வந்தவர்கள் ஹார்லிக்ஸை வைத்துவிட்டு முதலில் கேட்டது கல்லைத்தான். எடுத்தாச்சா, எவ்வளவு பெரிசு, எங்கே காட்டு. கல்லே இல்லை என்றதும் அவர்களுக்குச் சுவாரசியம் குறைந்துவிட்டது. "கல்லு இல்லாமலா இத்தினி நாளு வெச்சிருந்தாங்க?" என்று மாணிக்கவேல் மனைவி சந்தேகமாகக் கேட்டாள். சாகப் பிழைக்கக் கிடந்துவிட்டு வந்தவளிடம், எடுத்துக் காட்ட ஒரு மிளகளவு அத்தாட்சி இல்லை. சீக்கிரமே எழுந்து போய்விட்டார்கள்.

தறி நிற்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வீரபாகு புதுப் பாவு ஏற்றிவிட்டார். கரை கோக்க மாணிக்கவேலின் மருமகள் பிரவீனா வந்தாள். வேலை தெரிந்த பெண். தான் இல்லாவிட்டால் தறி என்னாகும் என்று தாலி கட்டிய நாளிலிருந்து மங்கையர்க்கரசி குழியை விட்டு ஏறாமல் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. உள் அறைக் கட்டிலில் படுத்தபடி தறிச் சத்தத்தைக் கேட்டாள். அவள் உட்கார்ந்திருந்தபோது எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது.

முற்பகலில் சத்தம் சட்டென்று நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் எழுந்தது? கதவு திறந்துதான் இருந்தது. பிரவீனா குழியிலிருந்து பாதி எழுந்து தயங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வீரபாகு சொன்னார்.

"பின்னாடி போவணுமா? போய்ட்டு வாம்மா. தறி எங்க ஓடிப் போவுது? மெதுவா வா."

அவர் குரலில் ஒரு துளி சலிப்பில்லை. நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். உத்தரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, "மங்கை, தண்ணி குடிச்சியா? டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

குடித்தேன் என்றாள்.

இவ்வளவுதானா? அவள் இத்தனை வருடத்தில் ஒருதடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாரா? இல்லை, எதிர்வீட்டு மருமகள், வேற்றாள் என்பதால் சொல்கிறாரா? ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பயத்தில் சொல்கிறாரா? அவளால் எதுவும் தீர்மானிக்க முடியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அழுகையாவது வருமா என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் அங்கே வெறும் அடிப்புதான் இருந்தது. கொல்லைப்பக்கம் பிரவீனா கால் கழுவுகிற சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்தாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

மங்கையர்க்கரசிக்கும் போக வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து குடித்த தண்ணீர். டாக்டர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. கட்டிலிலிருந்து பத்தடியில் கதவு, அதைத் தாண்டினால் கொல்லை. அவளை யாரும் பிடித்து வைக்கவில்லை.

தறி நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று படுத்திருந்தாள்.